பட்டன் கடையில் சேரும் சரக்கு

பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குத் தையல் நூலும் லேபிளும் பட்டனும் தனித்தனி டெம்போவில் வந்தன. வாடகை கட்டுப்படியாகவில்லை. திருப்பூர் பட்டன் கடைக்காரரிடம் கேட்டேன். எல்லாச் சரக்கையும் தன் கடையில் சேர்த்து ஒரே டெம்போவில் அனுப்பச் சம்மதித்தார்.

ஒருநாள் மதியமாகியும் வண்டி வரவில்லை. நூலில்லாமல் மெஷின்கள் சும்மா நின்றன. போனில் அவரிடம் கத்திவிட்டேன்.

"லேபிள் இன்னும் வரலீங்க. இப்பவே அனுப்புனா உங்களுக்கு ரெண்டு வாடகை ஆயிருமுங்க" என்றார் பொறுமையாக.

சாயங்காலம் வந்த மூட்டைகளைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஆர்டர் முழுக்க வட்டக்கழுத்து டி-ஷர்ட், பட்டனே கிடையாது. அவர் காத்திருந்து ஏற்றிவிட்டதில் அவர் விற்றது ஒன்றுகூட இல்லை; அத்தனையும் அடுத்த கடைக்காரர்களின் நூலும் லேபிளும்தான்.

உடனே போன் செய்தேன். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்: "எல்லாம் சரியா வந்துச்சுங்களா?"