காகித முட்டைகள்

ஏரிகள் அழிவதைப் பற்றி ஒரு சிற்பம் செய்ய ஆசைப்பட்டேன். அம்பத்தூர் ஏரிக்கரையில் கோரைப்புல் அறுத்து வந்து, முகப்பேர் வீட்டில் வைத்து தாழைக்கோழி என்னும் நீர்ப்பறவையின் கூடு ஒன்றைப் பின்னினேன். அதற்குள் மெல்லிய காகிதத்தில் மூன்று முட்டைகள். புல் போதவில்லை என்று மறுவாரமும் போனேன்.

வலை வீசிக்கொண்டிருந்தவர் என் அரிவாளைப் பார்த்தார். "போன வாரம் அறுத்தது நீதானாம்மா?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

"அந்தப் புல்லுக்குள்ளதான் ஒரு கோழி அடை காத்துகினு இருந்துச்சு. மறைவு போச்சா, காக்கா முட்டய தூக்கிகினு பூடுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திரும்பி வலையை வீசினார்.

கண்காட்சியில் கூட்டைக் காலியாகவே வைத்தேன். கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன்.

தொட்டால் நசுங்கிவிடுமோ என்று பயந்து பயந்து செய்த காகித முட்டைகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. மூன்றும் பத்திரமாக.