இரண்டு பிரேம் தாமதம்

ஒகுரா முனேயுகி பதினேழு வயதில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார். அறுபத்தாறில் சாகும்வரை பதினேழிலேயே இருந்தார். அவருடைய வாழ்க்கைக்கு இந்த இரண்டு வரி போதும் என்பது மகள் கனாயேயின் கணக்கு.

சாசெபோ துறைமுகத்தில் அமெரிக்க மாலுமிகள் குடிக்க வரும் பாரில் கற்ற வாசிப்பு அது. பத்தொன்பதில் ஒரு சின்னப் பட்டறையின் பிரஸ் மிஷின் அவர் இடது கையில் இரண்டு விரல்களை நசுக்கியது. அதன்பின் அவை மடங்கவில்லை. அந்தக் கையோடு மேட்டுத்தெருவில் ஒரு ஜாஸ் காபிக்கடை திறந்தார். இசைத்தட்டு சுழலும்போது யாரும் பேசக் கூடாது என்பது கடையின் சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான். வகுப்பில் முதலிடம் வந்த செய்தியோடு, ஒரு சாக்ஸபோன் ஓயும்வரை கனாயே வாசலில் நின்றிருக்கிறாள்.

பிறகு டோக்கியோவிலிருந்து அனிமேஷன்காரர்கள் வந்தார்கள். ஜாஸ் வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் காதல் தொடர். நாயகன் டிரம்ஸ் வாசிக்கும் காட்சிகளுக்காக முனேயுகி வாசிப்பதை மூன்று கேமராக்களில் பிடித்து, அதன் மேலேயே வரைந்தார்கள்.

கனாயே நான்கு பகுதிகள் பார்த்தாள். பெண் அழும்போதெல்லாம் மழை பெய்தது. எவ்வளவு வியர்த்தாலும் பையனின் முடி கலையவில்லை. அந்த மேட்டில் டிரம்ஸை யாரும் தூக்கிப் போகவில்லை. போகும் இடத்தில் அது தானாகவே இருந்தது. நிஜத்தில் தூக்கியவள் அம்மா. நாற்பத்தெட்டில் அவள் முதுகு போனது. ஐம்பத்தொன்றில் அவளே போனாள்.

அப்பா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் காலையில், வழக்கப்படி அவர் எலும்புக் கலசத்தைக் கல்லறையில் இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய காபிக்கடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுற்றுலாச் சங்கத்துத் தனிமோதோ என்பவர் ஒரு தாளோடு வந்தார். டிரம்ஸை ரயில் நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். மகளின் சம்மதம் வேண்டும்; கையெழுத்துக்குப் பதிலாக அவளுடைய பெயர் முத்திரை. பெட்டியில் பொறிக்கப்போகும் வாசகமும் தாளில் இருந்தது: ‘பதினேழு வயதில் ஒரு பெண் கடந்து போனாள். அன்று தடுமாறிய இடது கை, இன்றும் அவளுக்காக ஒரு கணம் தாமதிக்கிறது.’

"யாரு எழுதினது இத?"

"அப்பாவே சொன்னதுதாம்மா. தொடர் எடுத்தவங்க கிட்ட."

"எந்தப் பொண்ணு? பிரஸ் மிஷினுக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டு விட்டிருந்தாங்களா?"

"மிஷின் கதைக்கு யாரும் ரயிலேறி வர மாட்டாங்கம்மா."

ரயிலேறி வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். இரண்டு வாலிபர்கள், இடது கையின் கடைசி இரண்டு விரல்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊனம் அவர்களுக்கு ஸ்டைலாகியிருந்தது.

கனாயேக்கு நகோயாவில் டர்பைன் தொழிற்சாலையில் அதிர்வை அளக்கும் வேலை. தொடரையும் நிறுத்தி நிறுத்தி அளந்திருந்தாள். நொடிக்கு இருபத்துநான்கு பிரேம். இடது கை எப்போதும் இரண்டு பிரேம் பின்னால் விழுந்தது. அதில் காதல் எதுவும் பதிவாகவில்லை.

"முத்திரை வைக்க மாட்டேன். இன்னிக்கே குப்பை வண்டியக் கூப்பிட்டு எல்லாத்தையும் ஏத்திடறேன்."

எதிரே பியர் குடித்துக்கொண்டிருந்த கென்சோ நிமிர்ந்தார். அப்பாவோடு நாற்பது வருஷம் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர்.

"உங்கப்பன் புளுகன்தான் கனாயே. எதுக்குப் புளுகினான்னு தெரியுமா?"

"பழக்கம்."

"வரையிற பசங்க வந்து, ‘ஐயா, இடது கை லேட்டா விழுது, வரையும்போது சரி பண்ணிடறோம்’னாங்க. மிஷின்ல மாட்டின கைப்பான்னு சொன்னான். ‘கவலைப்படாதீங்க, தெரியாமப் பண்ணிடலாம்’னாங்க. வெளிய போய் ஒரு சிகரெட் பிடிச்சான். திரும்பி வரும்போது ஒரு பொண்ணோட வந்தான். பசங்க கண்ணுல தண்ணி. ஒரு பிரேமைத் தொடல."

"அந்தப் பொண்ணு பேரு?"

"ஒரு சிகரெட் நேரத்துல பேர் வேற வைக்கணுமா?"

கனாயே தட்டிலிருந்த தாமரைத்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலுக்காக ஒரு காதலியையே பெற்றெடுக்கத் தெரிந்த மனிதர். முதுகு வலிக்கிறதா என்று அம்மாவை ஒருநாள் பொய்யாகக்கூடக் கேட்டதில்லை.

தகனத்தன்று குச்சிகளால் எலும்பு பொறுக்கியபோது இடது கை எது என்று அவள் கேட்டாள். ஊழியர் சாம்பலைக் கொஞ்ச நேரம் கிளறிவிட்டு, மன்னிக்கச் சொன்னார்.

தாளை இழுத்தாள். வாசகத்தைக் குறுக்காக அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: ‘ஒகுரா முனேயுகி. டிரம்ஸ். பிரஸ் மிஷினில் நசுங்கிய இடது கை. இரண்டு பிரேம் தாமதம். திருத்தக் கூடாது.’

தனிமோதோ இரண்டு முறை படித்தார். "பழுது ரிப்போர்ட் மாதிரி இருக்கேம்மா. ஒரு ஓரமா அந்தப் பொண்ணப் பத்தி ஒரு வரி..."

"இதுக்குன்னா முத்திரை. இல்லேன்னா குப்பை வண்டி."

அவர் கென்சோவைப் பார்த்தார். கென்சோ வாய் நிறைய சோறு வைத்திருந்தார். தனிமோதோ முத்திரை மை டப்பாவை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். கனாயே முத்திரை வைத்தாள்.

அவர் தலை குனிந்து விடைபெற்றார். அவள் பதிலுக்குக் குனியவில்லை.