கிடாரம் போன வீடுகள்

இந்த ஊரில் காலையில் நம் வீட்டுக்குள் வருகிறவர் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. நான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். யாரோ ஒரு பெண் என்னைக் கடந்து நேரே அடுக்களைக்குப் போவாள். உள்ளே பித்தளை உருளும் சத்தம் கேட்கும். பிறகு எங்கள் கிடாரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்து, "எடுத்துட்டுப் போறேண்ணே" என்பாள். கேள்வியில்லை, அறிவிப்புதான். இரண்டு நாள் கழித்து, புளி போட்டுத் துலக்கிய கிடாரத்தின் அடியில் ஒரு பிடி மொச்சையோ நாலு கொழுக்கட்டையோ கிடக்க, வந்த வழியே அது திரும்பி வரும். நாங்கள் கிடாரம் என்பதை இங்கே அண்டா என்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டது போல உடைமையையும் மாற்றிக்கொண்டுவிட்டார்களோ என்று வந்த புதிதில் எனக்குச் சந்தேகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு என் சந்தேகம் விளங்கும். மலாயாவிலும் ரங்கூனிலும் பிழைக்கப் போனவர்களுக்கும் விளங்கலாம். மானிப்பாயில் எங்கள் வளவைச் சுற்றி ஓலை வேலி. அயல் வீட்டார் வேலிப் பொட்டில், அதாவது வேலியில் விட்ட சிறு இடைவெளியருகில், நின்று செருமுவார்கள்; அம்மா போய் என்னவென்று கேட்பாள். கேட்டது கைக்கு வரும். காரியம் முடிந்ததும் மினுக்கித் துடைத்து, உள்ளே ஒரு பருக்கை இல்லாமல் திருப்பித் தருவார்கள். எதையாவது போட்டுக் கொடுத்தால் எங்களை இல்லாதவர்கள் என்று நினைத்துவிட்டார்களோ என்று அம்மாவுக்கு முகம் கறுத்துவிடும். அப்படிப்பட்ட வேலிக்குள் வளர்ந்தவன், ஹட்டன் மலையில் சில வருஷம் கிளாக்கராக இருந்துவிட்டு, தனுஷ்கோடி வழியாக இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றி அனுப்புகிற சின்னமனூர்க் கிட்டங்கியில் உத்தியோகம். குடியிருக்க மார்க்கையன்கோட்டையில் வீடு. வேலி கிடையாது. எதிர் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற இடம்தான்.

எனக்குத் தபாலில் வருகிற இங்கிலீஷ் மாசிகைகளில் அந்த வருஷம் எளிய வாழ்வு பற்றி ஓயாமல் எழுதினார்கள். மனிதன் பொருளை வைத்திருக்கிறானா, பொருள் மனிதனை வைத்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நாள் பார்த்துச் செய்கிற பழக்கம் உள்ளவன் நான். ஈசுவர வருஷத்தோடு இந்தப் பாரத்தைத் தொலைத்துவிட்டு, வெகுதானிய வருஷத்தைக் காலி அறையில் வரவேற்பது என்று தீர்மானித்தேன். கலியாணத்துக்கு அப்பா வாங்கித் தந்து கப்பலில் எங்களோடு வந்த கிடாரம், இருபது பேர் உட்காரும் ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு: தெருவே எடுத்தாளும் மூன்றும் போனால் வீட்டில் அமைதி இருக்கும். என் மனைவி செல்லம்மா வருஷப் பிறப்பில் தலைக்கு வைத்துக் குளிக்க மருத்துநீர் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, வருஷப் பிறப்பண்டு சாமானை வெளியில குடுக்கிறதே? ஆரும் செய்வினமே?"

"அதுதான் புதுமை" என்றேன்.

வருஷப் பிறப்பன்று விடியற்காலையில் ஊர் பொன்னேர் பூட்டியது. புது வருஷத்தின் முதல் உழவை எல்லாரும் ஒரே நிலத்தில் சேர்ந்து உழுவது இங்கே வழக்கம். கொம்புக்கு மஞ்சள் தடவிய மாடுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. உழுதுவிட்டுத் திரும்பிய எதிர்வீட்டுத் தவசி, கலப்பையை இறக்கி வைக்கும் முன்பே மூன்றையும் அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். தவசிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"என்னண்ணே இது? கப்பலேறப் போறீகளா?"

"இல்லை, இல்லை. பாரத்தைக் குறைக்கிறேன். இனி இது உங்களுக்குத்தான்."

அவர் மனைவி பொன்னுத்தாய் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். தவசி அவளிடம், "கேட்டியாடி, சிலோன்காரக பாரத்தக் கொறைக்கிறாகளாம். நம்ம மயிலக்காள இத்தன வருசமா ஏத்தம் ஏறுது, அது ஒரு நாளும் கொறைங்கன்னு சொல்லலையே" என்றார். பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. என்னையும் கிடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நன்றியில் வாயடைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசி வரை சுகமாகத்தான் இருந்தது. காலையில் யாரும் கடந்து போகவில்லை. காலியான மூலையில் நாற்காலி போட்டு, பழைய வருஷங்களின் மழை, வெள்ளாமை, தண்ணீர் திறந்த நாள் என்று நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளைப் பிரதி எடுத்தேன். ஆனி பிறந்தபோதுதான், எழுதுகிற கை நின்று நின்று போவதைக் கவனித்தேன். நாற்காலியை எப்போது ஜன்னல் பக்கம் திருப்பினேன் என்று நினைவில்லை. எதிரே தவசி வீட்டுக்குள் பெண்கள் போனபடியும் வந்தபடியும் இருந்தார்கள். போகிறவள் இடுப்பில் கிடாரம். வருகிறவள் கையில் கிடாரத்தோடு ஒரு செய்தி. யார் வீட்டில் பேச்சு முடிந்தது, யார் மகளுக்குச் சீர், கூடலூரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் முன்பு எங்கள் அடுக்களைக்குத் தானாக வந்தவை. இப்போது அந்தப் பேச்சின் சத்தம் மட்டும் கேட்கிறது, சொற்கள் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் பொன்னுத்தாய் கிடாரத்துக்குள் கைவிட்டு ஏதோ எடுத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிடுவதைப் பார்த்தேன். அது கடலையா மொச்சையா என்று தெரிந்துகொள்ள எட்டி எட்டிப் பார்த்தேன். படித்தவன், உத்தியோகஸ்தன், எளிய வாழ்வு வாழ்கிறவன் ஒரு பிடி மொச்சைக்காகப் பொறாமைப்பட்டேன். தவசியின் சிரிப்புச் சத்தம்கூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஆவணியில் எங்கள் வரிசையிலேயே மூன்றாம் வீட்டில் கலியாணம். வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைக்க வந்தவர்கள் எதிர் வீட்டில் ஏறினார்கள், பக்கத்து வீட்டில் ஏறினார்கள், எங்கள் வாசலைத் தலை குனிந்தபடி கடந்து போனார்கள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தேன். மேளச் சத்தம் கேட்ட நாளில் எங்கள் வீட்டில் வழக்கம் போல அடுப்பு எரிந்தது. எங்கள் மகள், "எங்களை ஏனம்மா கூப்பிடேல்லை?" என்று கேட்டாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

செல்லம்மா அப்படிச் சும்மா இருப்பவளல்ல. மறுநாள் வாய்க்காலில் துணி துவைக்கும்போது பொன்னுத்தாயிடம் நேராகவே கேட்டுவிட்டாள். பொன்னுத்தாய் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்.

"'ஆத்தா, நீங்க ஊருக்குக் கெளம்புறவுக. அண்டாவக் குடுத்தப்பவே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அண்ணே சங்கடப்பட்டுக்கிட்டு வாய் விட்டுச் சொல்லல. போறவுகளக் கால இழுத்துப் பிடிக்கக் கூடாதுன்னு எங்க வீட்ல சொன்னாக. வெத்தல வச்சா நீங்க மொய்யி, திரும்ப மொய்யின்னு சிக்கிக்கிருவீகல்ல? இன்னும் பயணம் வைக்கலையேன்னு எங்களுக்கே வெசனமாத்தான் இருக்கு' எண்டு சொல்லுறா. அவைக்கு எங்களில கோபமில்லையப்பா. எங்களை வழியனுப்பிப் போட்டினம். நாங்கள்தான் இன்னும் போகேல்லை."

என் மாசிகையில் எழுதியவர் எந்த ஊரில் இருந்து எழுதினாரோ. இங்கே வீட்டில் கிடக்கிற பெரிய பாத்திரம் வீட்டுக்காரன் சமைக்க அல்ல. நான் இங்கேயே இருக்கப்போகிறேன் என்று அவன் தெருவுக்குச் சொல்லும் சொல் அது.

"மகளுக்குக் காது குத்துவம்" என்றாள் செல்லம்மா. "போறவை காது குத்தமாட்டினம். எல்லாரையும் கூப்பிடுவம். நீங்கள் போய்க் கிடாரத்தைக் கேளுங்கோ."

கார்த்திகையில் நாள் பார்த்தோம். தெருவில் ஒவ்வொரு வீடாகத் தட்டெடுத்துப் போனேன். "அப்ப போகலையா?" என்று எல்லாரும் கேட்டார்கள், சிலர் சந்தோஷமாக, சிலர் சற்றுக் குழப்பத்தோடு. கடைசியாகத் தவசி வீடு. வாசலில் நின்று, பழைய பழக்கத்தில், செருமினேன். "என்னண்ணே வாசல்ல நின்னுக்கிட்டு? அண்டா அங்கன மூலையில கெடக்கு, உள்ள போயி எடுங்க" என்றாள் பொன்னுத்தாய். இந்தத் தெருவில் இன்னொருவர் அடுக்களைக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை.

கிடாரத்தின் கழுத்தில் அப்பா என் பெயரைப் புள்ளி வைத்து வெட்டுவித்த எழுத்து அப்படியே இருந்தது: மா. கந்தையா, மானிப்பாய். அதன் கீழே, புதிதாக வெட்டிய வெளிச்சத்தோடு: தவசி, மார்க்கையன்கோட்டை.

"மேலே இருந்ததை அழிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அதை எதுக்கு அழிக்கணும்?" என்றார் பின்னால் வந்த தவசி. "மேல நீங்க, கீழ நாங்க. போற வீட்ல எல்லாம் மானிப்பாய் எங்கன இருக்கு, கந்தையான்னா யாருன்னு கேப்பாக. பெரிய மனுசர், கடலுக்கு அங்கிட்டு இருந்து வந்தவரும்பேன். ஒங்கள யாருக்குண்ணே தெரியாது?"

காது குத்து நன்றாகவே நடந்தது. தெரு முழுவதும் வந்தது. மகள் அழுதாள், தவசி மடியில் உட்கார்ந்து பிறகு சிரித்தாள். பந்தி முடிந்ததும் செல்லம்மா கிடாரத்தைக் கழுவி, ஒரு பிடி அரிசி போட்டு வைத்தாள். தவசி வீட்டுக்கு நானே கொண்டுபோகலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள், வடக்குத் தெருப் பெண் ஒருத்தி வந்து, அரிசியை முந்தானையில் கொட்டிக்கொண்டு, "நாளைக்கு எங்க வீட்ல விசேசம்ணே, இங்கனயே எடுத்துக்கிறேன்" என்று கிடாரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். வெயிலில் அந்த எழுத்துப் புள்ளிகள் தலைகீழாக மின்னின. அவள் எந்த வீட்டுக்காரி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். அவள் திருப்பத்தில் மறையும் வரை, நான் ஒரு நாளும் ஏறாத அந்த வாசலை நோக்கி என் பெயர் போவதை, அந்தப் பெயரின் மேலேயே பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.