தெங்குவின் கைகளாக இருந்த ஐந்து சனிக்கிழமைகள்

பங்சாரில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். வாயைத் திறந்தபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு, மரத்துப்போன வாயால் அவர் சொன்னார்: "பிள்ளை, நான் அரண்மனைக்குப் படம் கீறுறனான். உங்கட கையைக் கொஞ்ச நாளைக்குத் தர ஏலுமோ?"

அரச குடும்பத்து மூத்த பெண்மணி ஒருவரை அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். எல்லோரும் தெங்கு என்று அழைக்கும் அந்த அம்மா முகத்துக்காக இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாராம். இனி அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அரண்மனையில் சொல்லிவிட்டார்கள். உடையும் கைகளும் பாக்கி.

வீட்டில் சொன்னேன். கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை.

"கை மட்டும் எப்படிலா தனியா போகும்?"

"நானும் கூடப் போவேன்."

"அப்ப சரி."

சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து அம்பாங்கிலுள்ள ஓவியர் வீட்டுக்குப் போனேன். அரண்மனையிலிருந்து வரும் மலாய்க்கார அக்கா ஒருவர் தெங்குவின் சொங்கெட் உடையை எனக்கு உடுத்திவிட்டு, கதவருகே உட்கார்ந்து அதைக் காவல் காப்பார். தங்க இழை கழுத்தில் குத்தும். சொறியக் கூடாது. என் மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட தழும்பை ஓவியர் வரையாமல் விட்டார். படத்தில் என் விரல்கள் எனக்கே அழகாகத் தெரிந்தன.

ஐந்தாவது சனிக்கிழமை தெங்குவே வந்துவிட்டார். சாதாரணப் பருத்தி உடை, வெறுங்கால். நான் பதறி எழப் போனேன்.

"அசையாதேங்கோ!" என்றார் ஓவியர், பழக்கத்தில்.

தெங்கு நின்றார். அவருடைய சொங்கெட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா கண்களை மூடிக்கொண்டார்.

தெங்கு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கைகளை அதன் பக்கத்தில் நீட்டினார். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்து, மூட்டுகள் வீங்கியிருந்தன.

"அழகான கைகள். ஆனால் என்னுடையவை இல்லை," என்றார் மலாயில். "என்னுடையதைப் போடுங்கள்."

அரண்மனைக் கூடத்தில் மாட்டும் படம், காலத்துக்கும் இருக்கும் என்று ஓவியர் கெஞ்சினார்.

"அதனால்தான் சொல்கிறேன்."

உடையைக் கழற்றிக் கொடுத்தேன். தெங்கு தன் கைகளை அந்தச் சட்டைக்குள் நுழைக்க அக்காவும் நானும் சேர்ந்து உதவினோம். வலித்திருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஓவியர் என் விரல்களைக் கத்தியால் சுரண்டத் தொடங்கினார். ஐந்து வாரம் வரைந்தது ஐந்து நிமிடத்தில் போயிற்று. என் முகம் எப்படி இருந்ததோ, தெங்கு கேட்டார்: "வருத்தமா?"

"கொஞ்சம்," என்றேன்.

"எனக்கும்தான்," என்றார் அவர், தன் கைகளைப் பார்த்தபடி.

அடுத்த பல்லுக்கு வந்தபோது ஓவியர் சொன்னார், படத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைவிட்டுக் கைகளிடம்தான் நிற்கிறார்களாம். தோள்கள் இன்னும் என்னுடையவைதான். அவற்றை மாற்றும்படி யாரும் கேட்கவில்லையாம்.