பாட்டு முடியும்வரை வெளியே

மேடையில் பாடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று கையை விரித்துப் பாடத் தொடங்கினால் எனக்கு உடம்பு கூசும். இதைச் சொல்லும்போதெல்லாம் என் நண்பர் சிரிப்பார். "உங்கள் தமிழ்ப் படத்தில் ஆறு பாட்டு வருகிறதே, அப்போது கூசாதா?" என்பார். அது சினிமா, இது மேடை என்பேன். அப்படிப்பட்ட நான், ஒரு வருடமாகப் புதன்கிழமைதோறும் ஹரோவில் ஓர் இசை நாடக வகுப்பில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பர் யூதப் பெண். நாங்கள் வடமேற்கு லண்டனில் ஒரு வாரப் பத்திரிகையில் பதினைந்து வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள். அவர் நிருபர். கவுன்சில் கூட்டம், நீதிமன்றம், வாய்ப்புக் கிடைத்தால் நாடக விமர்சனம். அவர் எழுதியதை வெட்டிப் பக்கத்துக்குள் அடக்குவது என் வேலை. கவுன்சில் செய்தியை எப்படி வெட்டினாலும் பேசமாட்டார். நாடக விமர்சனத்தில் ஒரு வரி போனால் அன்று முழுக்க முகம் கொடுக்கமாட்டார். பத்திரிகையை மூடியபோது நான் தபால் பிரிக்கும் இடத்தில் அதிகாலை ஷிப்டுக்குப் போனேன். அவர் ஐம்பத்தைந்து வயதில் ஆசிரியரானார். வளர்ந்தவர்கள் படிக்கும் ஒரு கல்லூரியில் இசை நாடகத்தின் கதையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு வகுப்பு, பதினான்கு மாணவர்கள், அநேகமாக எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். ஆனால் பத்திரிகையில் இருந்த காலத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், குளிர் குறையத் தொடங்கிய நேரத்தில், அவருடைய அப்பா இறந்தார். யூதர்கள் ஏழு நாள் வீட்டில் துக்கம் இருப்பார்கள். நான் மூன்றாம் நாள் போனேன். கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடியிருந்தார்கள். அவரும் அவருடைய தம்பியும் தாழ்ந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். செபம் முடிந்ததும் நான் ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் செத்த வீட்டில் விடைபெறமாட்டார்கள். அங்கே நின்று 'போட்டு வாறன்' என்றால், இன்னொரு சாவுக்கு வருவதாகச் சொன்னது போலாகும். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

அவர்களுடைய வழக்கம் இதற்கு நேர்மாறு என்று எனக்கு எப்படித் தெரியும்? புறப்படுகிற ஒவ்வொருவரும் துக்கக்காரரிடம் வந்து, கையைப் பிடித்து, நீண்ட ஆயுள் வாழ்த்திவிட்டுத்தான் போக வேண்டுமாம். இரண்டு கிழமை கழித்து அவர் தொலைபேசியில் கேட்டார். "எல்லோரும் வந்து சொன்னார்கள். பதினைந்து வருடம் எதிரே இருந்த நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள்?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு அழுதார். கடைசியில், "சரி, அதற்குத் தண்டனையாக எனக்கு ஓர் உதவி செய்யுங்கள்" என்றார்.

பெற்றவர்கள் இறந்தால் பிள்ளைகள் ஒரு வருடம் பாட்டுக் கேட்கக்கூடாது என்பது அவர்களுடைய முறை. தொழில் அதுவானால் பரவாயில்லை என்று அவர்களுடைய மதகுருவே சொல்லிவிட்டார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உயிரோடு இருந்தபோது அப்பா சொன்ன ஒன்றையும் நான் கேட்கவில்லை. இதையாவது சலுகை இல்லாமல் செய்கிறேன்" என்றார். வகுப்பை ஒரு வருடம் நிறுத்தலாம்தான். நிறுத்தினால் அந்த நேரத்தைக் கல்லூரி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும், திரும்பக் கிடைக்காது. ஆகவே அவர் பாடம் நடத்துவார். பாட்டு வரும்போது அறையை விட்டு வெளியே போவார். நான் பாட்டைப் போட்டு, அவர் அட்டையில் எழுதித் தந்த குறிப்பை வாசிப்பேன். இந்தத் தவணைக்கு, மூன்று மாதத்துக்கு மட்டும் என்றார்.

புதன்தான் எனக்குக் கிழமையில் கிடைக்கிற ஒரே லீவு நாள். நாங்கள் இருக்கும் மோர்டனிலிருந்து ஹரோவுக்கு ரயில் மாறி மாறிப் போகவே ஒன்றேகால் மணித்தியாலம். மனைவியிடம் புலம்பினேன்.

"உங்கட அப்பா செத்து ஒரு வருஷம் நீங்கள் ஒரு கலியாண வீட்டுக்குப் போனனீங்களோ?" என்று கேட்டாள் அவள். "அது மாதிரித்தானே இதுவும். பேசாமல் போய்ச் செய்துகுடுங்கோ. வீட்டில இருந்து மட்டும் என்னத்தை வெட்டிக் கிழிக்கிறியள்?"

ஒரு தவணை இரண்டாகியது, இரண்டு மூன்றாகியது. விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. துக்கத்தில் இருக்கிற மனிதரிடம் எப்படிக் கேட்பது? 'இரண்டாம் அடியில் மேளம் நுழைவதைக் கவனியுங்கள்' என்று அட்டையில் இருக்கும். அதைப் பதினான்கு பேருக்கு முன்னால் நான் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பேன். மேளம் எங்கே நுழைந்தது என்று எனக்கே தெரியாது. சீக்கிரம் முடியட்டும் என்று பாட்டைப் பாதியில் நிறுத்துவேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் இருந்தார். "முழுப் பாட்டையும் போடுங்கள் ஐயா, நாங்கள் எங்கே போகப்போகிறோம்?" என்று ஒவ்வொரு முறையும் முறுமுறுப்பார். வகுப்பு முடிந்து நடக்கும்போது அதை நண்பரிடம் சொல்வேன்.

ஜனவரியில் எங்களுக்கு வேறு அறை தந்தார்கள். அதன் நடைபாதையில் நின்றாலும் பாட்டுக் கேட்டது. அதனால் அவர் அவசரக் கதவைத் திறந்து, வெளியே இருந்த இரும்புப் படியில் போய் நிற்பார். மழையிலும் அங்கேதான். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரியும். அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். உடனே அவர்மேல் கோபம் வரும். இவர் அப்பாவுக்குத் துக்கம் காக்க, நான் ஏன் இந்த அறைக்குள் பூட்டுப்பட்டுக் கிடக்கிறேன்?

நான் அங்கே படிப்பவன் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வாசலில் விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். துக்க வருடம் முடிய ஐந்து கிழமை இருந்தபோது, கல்லூரி அதிகாரி ஒருவர் அந்த இடத்தில் நின்றார். கிழமைதோறும் உங்கள் பெயரைப் பார்க்கிறேனே, எதற்காக வருகிறீர்கள் என்று சிரித்தபடி கேட்டார். வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆசிரியர் வெளியே போவதை, நான் பாட்டுப் போடுவதை, எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பதை எல்லாம் சொன்னேன். இதோடு யாராவது இதை நிறுத்திவிட மாட்டார்களா என்ற எண்ணம் உள்ளே இருந்தது. சொல்லி முடித்தபோது எனக்கு மனம் லேசாக இருந்ததும் உண்மை.

அடுத்த கிழமை நண்பர் கையில் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. பாட நேரம் முழுவதும் ஆசிரியர் அறைக்குள் இருக்க வேண்டும். வெளியாள் வகுப்பை நடத்தக்கூடாது. இல்லையென்றால் அடுத்த தவணைக்கு வகுப்பு இல்லை. வகுப்பு வாசலில் வைத்து அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள்" என்றார். கண்ணாடி வழியாக உள்ளே இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸ் சாரதியிடம் வந்ததும் அவருடைய பார்வை நின்றது. "அவர்தான். முழுப் பாட்டு வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர் அவர் ஒருவர்தானே."

நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். கதவைத் திறந்து அவருக்கு வழிவிட்டேன்.

அன்று அவர் வெளியே போகவில்லை. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவருடைய துக்கம் எல்லோருக்கும் தெரியும். "போடுங்கள்" என்றார் என்னைப் பார்த்து. என் விரல் பொத்தானில் இருந்தது, அழுத்த முடியவில்லை. "போடுங்கள்" என்று மறுபடியும் சொன்னார். அழுத்தினேன். ஒரு பெண் தனியாகப் பாடும் பாட்டு. நாற்பத்தெட்டுக் கிழமை கேட்காத காதால் அவர் அதைக் கேட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், ஒரு தண்டனையை வாங்கிக்கொள்கிறவரைப்போல உட்கார்ந்திருந்தார். அன்று பாட்டைப் பாதியில் நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. முடிந்ததும் எழுந்து, மேளம் எந்த இடத்தில் வருகிறது, ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று சொன்னார். எனக்குக்கூட விளங்கியது. பஸ் சாரதி கையைத் தூக்கி ஏதோ கேட்டார். அவருக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த கிழமையும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அதற்கடுத்த கிழமை அந்த நாற்காலியில் ஆள் இல்லை.

துக்க வருடம் முடிந்த அன்று, ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி நாலு கிழமையை அந்த மனிதர் கெடுத்துவிட்டார். மற்றதெல்லாம் உங்களால்தான் காக்க முடிந்தது. இனி உங்களுக்கு விடுதலை" என்றார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

இப்போது பாட்டை அவரே போட்டுக்கொள்கிறார். ஆனாலும் நான் போகிறேன். கல்லூரியில் பெயரைப் பதிந்து, மாணவனாகப் பின்வரிசையில் உட்காருகிறேன். பிடிக்காத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். பழகிவிட்டது என்றேன். ஏதாவது ஒரு புதன்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் புறப்படுகிறேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் முடிவதில்லை.

போன மாதம் ஹரோ பஸ் நிலையத்தில் அந்தச் சாரதியைக் கண்டேன். தூரத்திலேயே அடையாளம் கண்டு கையசைத்தார். வகுப்பு இன்னும் நடக்கிறதா என்று விசாரித்தார். நடக்கிறது என்றேன்.

"நான் அந்த அம்மாவுக்கு என்ன பிழை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "வீட்டில் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

தெரியாது என்றேன். அன்றும் புதன்கிழமை, வகுப்புத் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.