சுன்னாகச் சந்தையில் எங்கள் கார் கத்தியது

கப்பலில் வேலைசெய்த மாமா தன் கலியாணத்துக்காக லீவில் வந்திறங்கிய அன்று, குளித்துச் சாப்பிட்ட கையோடு இரண்டு காட்போட் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அத்தான், நீங்கள் கேட்ட சாமான். ரெண்டு விதம் கிடக்கு. விருப்பமானதை எடுங்கோ" என்றார்.

இரண்டும் சிங்கப்பூரில் வாங்கியவை, யப்பானில் செய்தவை. கார் களவு போகாமல் காக்கிற சாமான்கள். எங்களிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் இருந்தது. அப்பா வல்வெட்டித்துறையில் மருந்துக்கடை தொடங்குவதற்கு முன் கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் வேலைபார்த்த காலத்தில் வாங்கியது. அந்தக் காரை யாராவது களவெடுப்பார்கள் என்று முன்பெல்லாம் சொல்லியிருந்தால் அப்பாவே சிரித்திருப்பார். ஆனால் எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளுக்குக் கார் தேவைப்பட்டது.

எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்ற அவருடைய காரை யாரோ பட்டப்பகலில் கொண்டுபோய்விட்டார்கள். அது பிறகு எங்கோ ஒரு தோட்டவெளியில் தனியாக நின்றது. இடையில் அந்தக் கார் எங்கே போனது, அங்கே என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் கதைப்பதில்லை. ஆமி வந்து வாத்தியாரைக் கொண்டுபோனது. இயக்கத்துக்குக் காரை நீதானே குடுத்தாய் என்று கேட்டார்களாம். திரும்பி வந்தவரால் கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுத முடியவில்லை. உட்கார்ந்தபடியே கணக்குச் சொல்லித்தந்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா மாமாவிடம் அந்தச் சாமானைக் கேட்டிருந்தார்.

மாமா முதல் பெட்டியைத் திறந்தார். உள்ளே தேத்தண்ணிக் கிண்ணம் அளவில் சிவப்பான ஒரு சங்கும், சாவிக்கொத்தில் போடக்கூடிய ஒரு சின்னத் திறப்பும், நிறைய வயர்களும் இருந்தன.

"இது கத்தும். ஆரும் கை வைச்சுக் காரை அசைச்சாலே போதும், ஊரைக் கூட்டிப்போடும்." மற்றப் பெட்டியைத் தட்டினார். "இது கத்தாது. ஒளிச்சு வைக்கிற ஒரு சுவிச், அவ்வளவுதான். அதைத் தட்டாட்டி எஞ்சின் ஸ்டார்ட் வராது. வந்தவன் கொஞ்சநேரம் மினக்கெட்டுப்போட்டுப் போயிடுவான்."

"கத்தாததைப் பூட்டுவம்" என்றார் அம்மா உடனே.

அப்பா தலையாட்டவில்லை. "கத்தாட்டி ஆருக்குத் தெரியும்? என்ரை காரை நான் குடுக்கேல்லை எண்டு நாலு சனம் சாட்சி சொல்லவேணும்."

"நாலு சனத்துக்குக் கேட்டா ஆமிக்கும் கேக்கும்."

"கேக்கட்டும். அவங்களுக்குத்தான் முதல் கேக்கவேணும்."

"அப்ப, அந்த நேரம் காருக்குள்ளை இருக்கிறவன்?"

"கள்ளன் தானே" என்றார் அப்பா. அம்மா சாப்பிட்ட கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். நான் அப்பாவின் கட்சி. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. கத்துகிற பெட்டி இருக்கும்போது கத்தாத பெட்டியை யார் எடுப்பார்கள்?

பூட்டுகிற வேலை சுலபமாக முடியவில்லை. கராஜ்காரர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் கார் வெள்ளைக்காரன் முறைப்படி வயர் பூட்டியது, யப்பான்காரனின் சாமானுக்கு அது ஒத்துவராது, பற்றரியையே மாற்றிப் பூட்டவேண்டும் என்றார். மாற்றினார்கள். திறப்புப் போடுவதற்கு, சில்லுக்கு மேலே, மட்காட்டில் ஒரு ஓட்டை துளைக்கவேண்டியிருந்தது. துளைபோடும்போது அப்பா வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், யாருக்கோ ஊசி போடுவதைப் பார்க்க மாட்டாதவர்போல. தினமும் ஊசி மருந்து விற்கிறவர் அவர்.

முதல்முறை அது கத்தியபோது பக்கத்து வளவில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு காகம் கார்க் கூரையில் இருந்ததற்குக் கத்தியது. தேங்காய் விழுந்ததற்குக் கத்தியது. கராஜ்காரர் ஒரு சின்ன ஆணியைத் திருகித் திருகி அதன் கோபத்தைக் கொஞ்சம் குறைத்தார். அப்பா திறப்பைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் மத்தியானம் நித்திரை கொண்டார் என்று நினைக்கிறேன்.

மாமாவின் கலியாணத்துக்கு மரக்கறியும் வாழைக்குலையும் பேசிவைப்பதற்காக அப்பாவும் அம்மாவும் சுன்னாகச் சந்தைக்குப் புறப்பட்டபோது என்னையும் கூட்டிப்போனார்கள். அப்பா காரைச் சந்தைக்கு வெளியே, ரோட்டோரம் விட்டார். மட்காட்டில் திறப்பைப் போட்டுத் திருகினார். ஒருதரம் சுற்றிவந்து பார்த்தார். பிறகு வாழைக்குலை வியாபாரியோடு உள்ளே போனார். எனக்குக் கார் ஓட்டத்தில் வயிற்றைப் பிரட்டியதால் அம்மா என்னை எதிர்ப்பக்கச் சோடாக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு சோடாவும் சீனி தூவிய ஒரு பணிசும் வாங்கித்தந்தார். பணிசைச் சாப்பிடப் பயந்து பைக்குள் வைக்கச் சொன்னேன்.

சோடாவில் பாதி குடித்திருப்பேன். கார் கத்தியது.

சந்தை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு கார் அப்படிக் கத்தும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வெங்காயச் சாக்குத் தூக்கியவர்கள் சாக்கோடு நின்றார்கள். முதலில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். சாரதி ஆசனத்தில் ஒரு பெடியன் இருந்தான். கட்டம்போட்ட சேட்டு, மீசை சரியாக முளைக்காத முகம். கார் ஏன் கத்துகிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்து கையால் எதையோ தேடினான். ஹோர்னை அமுக்கினான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான்.

அப்போதுதான் காங்கேசன்துறைப் பக்கமிருந்து ஆமி ட்ரக் திரும்பியது.

அவ்வளவு சனம் எங்கே போனது என்று தெரியாது. சோடாக்கடைக்காரர் கடைப் பலகைகளை அவசரமாகச் செருகத் தொடங்கினார். ரோட்டில் வெங்காயம் சிதறிக் கிடந்தது. அந்தப் பெடியன் ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் ரோட்டிலுமாக அப்படியே நின்றான். ஓடியிருந்தால் சுட்டிருப்பார்கள். ஓடாவிட்டாலும் தப்ப வழியில்லை.

அம்மா என் கையை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தார். ஓடவில்லை. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டில் பால் பொங்குகிற சத்தம் கேட்டால் போகிற வேகத்தில் போனார். நானும் பின்னால் ஓடினேன். ட்ரக்கிலிருந்து ஆமிக்காரர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அந்தப் பெடியனின் சேட்டைப் பிடித்து வெளியே இழுத்து, கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டார்.

என் அம்மா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சங்கு கத்தியதில் அவர் என்ன சொன்னார் என்று எவருக்கும் கேட்டிருக்காது. வாய் அசைந்ததுதான் தெரிந்தது. அவன் காதைப் பிடித்து முறுக்கி, முகத்துக்குக் கிட்ட முகத்தை வைத்து ஏசிக்கொண்டே இருந்தார். அவன் முதலில் திகைத்துப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் காலடியில் வளைந்த ஒரு கம்பி கிடந்தது. கார்க் கதவைத் திறந்த கம்பி. "அம்மா, கம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஒரு எட்டு வைத்து அதன்மேல் ஏறி நின்றார். சீலைக் கரை அதை மூடிவிட்டது.

துவக்குகள் எல்லாம் காரைப் பார்த்து நீண்டிருந்தன. காருக்குள் குண்டு என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் கிட்ட வரவில்லை. சங்கு நிற்காமல் கத்தியது. அப்பா சந்தைக்குள்ளிருந்து ஓடிவந்தார். துவக்குகளைக் கண்டதும் நின்றார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒரு கையில் அந்தச் சின்னத் திறப்பு இருந்தது. அதைக் காட்டிக்காட்டி, மெல்ல நடந்துவந்து மட்காட்டில் போட்டுத் திருகினார்.

சத்தம் நின்றது.

அதிகாரிபோலத் தெரிந்த ஒருவர் முன்னுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்து, பெடியனைக் காட்டி, கொச்சைத் தமிழில், "இது யாரு?" என்றார்.

அம்மா அப்பாவை முந்திக்கொண்டார். "இஞ்சேருங்கோ, ராசன் செய்த வேலையைப் பாத்தியளே! காரைத் தொடாதை, அப்பா வரட்டும் எண்டு எத்தினைதரம் சொன்னனான்! இவனுக்குக் கார் ஓட்டிப் பாக்கவேணுமாம். கேளுங்கோ நீங்களே!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெடியனைப் பார்த்தார். ராசன் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. அப்பா அம்மாவுக்கு நான் ஒருத்திதான் பிள்ளை.

இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அப்பா சிங்கப்பூரிலிருந்து அந்தச் சாமானை எடுப்பித்திருந்தார். கார் கத்தியாகிவிட்டது. ஆமி கேட்டாகிவிட்டது. நான் குடுக்கேல்லை, இவன் ஆரெண்டே தெரியாது என்று அவர் சொன்னால் முடிந்தது. அவர் வாய் திறந்தது.

"மகே புத்தா" என்றார் அப்பா, சிங்களத்தில். என்னுடைய மகன்.

கொழும்பில் படித்த சிங்களம் அப்போதுதான் திரும்பி வந்ததுபோல, அதற்குப் பிறகு அவர் நிற்காமல் கதைத்தார். அவனுடைய அடையாள அட்டை வீட்டிலிருப்பதாகவும், பெடியனுக்குப் புத்தி குறைவென்றும், தான் மருந்துக்கடை வைத்திருப்பதாகவும் சொன்னதாகப் பிறகு அம்மாவிடம் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே பெடியனைச் சுற்றி நடந்தார். துவக்குப் பிடித்த தழும்பு இருக்கிறதா என்று அவனுடைய உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"பாப்பா, இது அண்ணாவா?"

பெடியன் என்னைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தந்தவர் அவர். பெரிதாக அழத் தொடங்கினேன். அந்தப் பெடியனுக்காக இல்லை. அம்மாவும் அப்பாவும் ஒன்றாகச் சேர்ந்து பொய் சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

அதிகாரி என் தலையைத் தடவினார். அண்ணனை அடித்ததற்கு அழுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். சிங்களத்தில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். துவக்குகள் தாழ்ந்தன. ஆனால் அவர்கள் போகவில்லை. அதிகாரிக்கு அந்தச் சங்கு பிடித்துவிட்டது. அது எங்கே வாங்கியது, எப்படி வேலைசெய்யும் என்று கேட்டார். இன்னொருமுறை போட்டுக் காட்டச் சொன்னார். அப்பா திறப்பைத் திருகினார். அதிகாரி காரைக் காலால் தட்டினார். அது கத்தியது. ஆமிக்காரர் கைதட்டினார்கள். அதிகாரி மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் கத்தியது. அவ்வளவு நேரமும் பெடியன் தலை குனிந்து நின்றான். அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தள்ளி நில் என்று ஒருவன் துவக்கால் காட்டியபோது, கால் பிடித்துக்கொண்டதென்று முழங்காலைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றார்.

ட்ரக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அம்மா கம்பியின்மேலிருந்து காலை எடுத்தார்.

வாழைக்குலை வாங்கவில்லை. எல்லாரும் காரில் ஏறினோம். பெடியன் பின்னால், எனக்குப் பக்கத்தில் இருந்தான். அப்பாவுக்குக் கியர் சரியாக விழவில்லை. புன்னாலைக்கட்டுவனைத் தாண்டினோம். அவன் கன்னத்தில் அம்மாவின் விரல்கள் சிவந்து பதிந்திருந்ததை நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். நான் பார்ப்பதைக் கண்டு அவன் சிரிக்கப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னைக் கொண்டுபோயிருப்பாங்கள், தெரியுமோ உனக்கு?" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி.

"ஓம் ஐயா."

"என்னத்துக்குக் கார்?"

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா பிறகு கேட்கவில்லை. அடுத்த கிழமையே கராஜ்காரரைக் கூப்பிட்டு அந்தச் சங்கைக் கழற்றுவித்து மற்றப் பெட்டியைப் பூட்டியபோதும், ஏன் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அச்சுவேலிக்கு அப்பால், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் போகிற ஒரு ஒழுங்கையடியில், "இதிலை இறங்கிறன் ஐயா" என்றான். அப்பா காரை நிறுத்தினார். அவன் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அம்மா யன்னலால் தலையை நீட்டினார்.

"காலமை சாப்பிட்டனியே?"

அவன் நிலத்தைப் பார்த்தான். அம்மா பைக்குள் கைவிட்டு என்னுடைய பணிசை எடுத்து அவனிடம் நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரைக் களவெடுக்க வந்தவனுக்கு என் பணிசா? அவன் வாங்கத் தயங்கினான். அம்மா அதை அவன் கைக்குள் திணித்துவிட்டு, தான் அடித்த கன்னத்தைப் புறங்கையால் மெல்லத் தொட்டார்.

"நோகுதே மோனை?"

"இல்லை அம்மா."

"வெளி ரோட்டாலை போகாதை. கவனமாப் போ ராசா."

அவன் தோட்டங்களுக்குள் இறங்கி நடந்தான். அவன் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அம்மா காரை எடுக்க விடவில்லை. அப்பாவும் அவசரப்படுத்தவில்லை. நான் பின் ஆசனத்தில் கோபத்தோடு இருந்தேன். ஆமிக்காரர் எப்போதோ போய்விட்டார்கள், ரோட்டில் ஒரு குருவிகூட இல்லை, அம்மா இன்னும் யாருக்காக இப்படி நடிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.