இறங்கிப் போகிறவளைத் தடுக்க ஒரு மனு

அந்தத் தொடரில் ஒரு துணை இறங்கிப் போகும் வாரம் வந்தால், என்னிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. ஆபீசில் ஃபைலைத் தூக்கி எறிவேன். குழம்பில் உப்பே இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தடவை விழுந்திருக்கும். "போயும் போயும் ஒரு சீரியலுக்கா?" என்று கேட்டவர்களோடு இன்றுவரை நான் சரியாகப் பேசுவதில்லை.

கதை இதுதான். ஒரு பயணி. அவரிடம் ஒரு பழைய தபால் வேன். அதில் ஏறினால் எந்தக் காலத்துக்கும் போகலாம், வரலாம். பக்கத்து சீட்டில் எப்போதும் ஒரு துணை இருப்பாள். பெரிய வீராங்கனை எல்லாம் இல்லை, நம்மைப் போல எங்கேயோ பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள். இரண்டு மூன்று சீசன் அவளோடு சேர்ந்து நாமும் பழைய துறைமுகங்கள், இன்னும் கட்டப்படாத ஊர்கள் என்று சுற்றுவோம். பிறகு ஒருநாள் அவள் போய்விடுவாள். ஒருத்தியைக் காய்ச்சல் கொண்டுபோனது. இன்னொருத்தி வேன் கிளம்பும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் இதற்கு 'இறங்கல்' என்று பெயர்.

குழுவில் மதுரை, சேலம், திருநெல்வேலி என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் மூன்று நாள் தள்ளியிருக்கும் எங்கள் தீவிலிருந்து நாங்கள் இரண்டே பேர், நானும் என் வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸ் பெண்ணும். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்காத வயதும் வந்துவிட்டது. அவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் தாத்தா காலத்தில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், அப்புறம் வெளித்தீவு ஊரான ஹட் பேயில் எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலை. நான் இருக்கும் கராச்சர்மா பகுதியில் வீடு தேடி வந்தவள், சாவி வாங்கிய அன்றே என் டிவியில் அந்த வேனைப் பார்த்துவிட்டு, "அரே அக்கா, நீங்களும் பாக்குறீங்களா!" என்று செருப்போடு உள்ளே வந்துவிட்டாள். அதோடு சரி, ஆறு வருஷம் நாங்கள் தனித்தனியாக ஒரு எபிசோடும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் நாலரை மணிக்கே வெயில் மங்க ஆரம்பித்துவிடும். கடிகாரம் மெயின்லேண்ட் சொல்வதைக் கேட்கும், சூரியன் கேட்காது. மெயின்லேண்டில் ஆட்கள் இன்னும் ஆபீசில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போது, நாங்கள் விளக்கைப் போடாமல், இருட்டும் மழையும் ஜன்னலில் இருக்க, வேனின் மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்போம். சில நாள் எபிசோட் முடிந்து வெளியே வந்தால், தெருவில் எந்த வருஷம் நடக்கிறது என்று ஒரு நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

நெட் சரியில்லாத அந்த நாட்களில், சென்னை போய்விட்டு வருகிறவர்கள் யாராவது ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தால்தான் எங்களுக்கு எபிசோட். நாங்கள் பார்த்துவிட்டு அழத் தொடங்கும்போது, குழுவில் எல்லாரும் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, புதுத் துணைக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை நான் நெஞ்சு வெடிக்க ஒரு பெரிய பதிவு போட்டேன். சேலத்துக்காரி எழுதினாள்: "அக்கா, நீங்க இன்னும் போன மழைக்காலத்துலயே இருக்கீங்க." உண்மைதான். அங்கே இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. அங்கே அவள் இன்னும் இறங்கவில்லை.

பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. மெயின்லேண்ட் அழும் அன்றே நாங்களும் அழலாம் என்று ஆனது. அப்படி நாங்கள் பார்த்த முதல் இறங்கல்தான் என்னைக் கெடுத்தது.

அந்தத் துணைக்குக் காய்ச்சலும் வரவில்லை, விபத்தும் இல்லை. ஏதோ ஒரு காலத்தில், ஒரு சின்னக் கடற்கரை ஊரில் வேன் நிற்கிறது. பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை அவள் சுற்றிப் பார்க்கிறாள். திரும்பி வந்து, "நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்" என்கிறாள். அவ்வளவுதான். பயணி அவள் பெட்டியை இறக்கி வைக்கிறார்.

குழு பற்றி எரிந்தது. சேலத்துக்காரி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மதுரைப் பேராசிரியர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வேறு முடிவு எழுதிப் போட்டார். கதை எழுதியவனின் ஏழு தலைமுறையையும் ஒருவர் இழுத்தார். நானோ, சாவைக்கூட மன்னிப்பேன், தானாக இறங்குகிறவளை மன்னிக்க மாட்டேன் என்று குதித்தேன். வருஷக்கணக்காக டிரான்ஸ்ஃபர் ஃபைல் பார்த்த கை சும்மா இருக்குமா? சப்ஜெக்ட், ரெஃபரன்ஸ் எல்லாம் போட்டு, மேற்படி துணையை விடுவித்த ஆணையை ரத்து செய்து அதே வேனில் தொடர அனுமதிக்க வேண்டும் என்று ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு மனு தயாரித்தேன். குழுவே கைதட்டியது. எல்லாரும் பெயர் போட்டார்கள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தவிர.

"நீ ஏண்டி போடல?"

"அவ விருப்பப்பட்டுத்தானே அக்கா இறங்குனா? யாரு புடிச்சுத் தள்ளுனா?"

"ஆமா, பெரிய நியாயஸ்தி வந்துட்டா!" என்றேன். அன்று அவளுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

நாலு நாள் கழித்து அவள் படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள். "ஆர்டர் வந்திருக்கு அக்கா. ஹட் பேக்கு."

வெளித்தீவுக்கு ஆட்களைத் தூக்கிப் போடுவதும், அவர்கள் அதை ரத்து செய்ய ஓடுவதும் நான் தினம் பார்க்கிற கூத்து. யாருக்கு எழுத வேண்டும், எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது என்று எனக்கு அத்துப்படி.

"பரவால்ல அக்கா, விடுங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

இதுதான் நான் செய்த தப்பு. மனு எழுதிப் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆளைக் கேட்கவில்லை, காகிதத்தை எடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பக்கம் தயார். மறுநாள் அவளுடைய துறை அலுவலகத்துக்கே நேரில் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெங்காலி ஹெட் கிளார்க் இருந்தார். என் காகிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், யே தோ ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபர் ஹை" என்றார். அவளாகவே கேட்டு வாங்கியது. ஃபைலைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்து. அங்கே நர்ஸ் போதவில்லை, எனக்கு அந்த ஊர் தெரியும், வார்டுப் பொறுப்பைத் தனியாக ஏற்றுப் பார்க்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. அதுவும் எனக்குக் கோபமாக வந்தது. தேதியைப் பார்த்தேன். நாங்கள் அந்த எபிசோடைப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முந்தையது.

வெளியே வந்தபோது மழை. பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி, அதற்கு அந்தப்பக்கம் தென்னைகளும் கடைகளும் கரைந்து கரைந்து போயின. எந்தத் திருப்பத்திலும் மஞ்சள் விளக்கோடு ஒரு வேன் எதிரே வரலாம், நான் கையைக் காட்டி நிறுத்தி இரண்டு மாதம் பின்னால் போய், அவள் பேனாவைத் திறக்கும் முன் அந்த அறையில் இறங்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போய் என்ன செய்வேன்? பேனாவைப் பிடுங்குவேனா? கராச்சர்மா தாண்டி மூன்று ஸ்டாப் போன பிறகுதான், கண்டக்டர் "மேடம், உதர்னா நஹி ஹை கியா?" என்று கேட்டார். இறங்க வேண்டாமா என்று.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் பெட்டி கட்டினாள், நான் ஊறுகாய் போட்டேன். அவ்வளவு கோபத்தோடு நான் ஊறுகாய் போட்டதே கிடையாது. சாயங்காலங்களில் டிவியைப் போடாமல், இருட்டுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குழுவில் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. போன் அதிர்ந்துகொண்டே கிடக்கும், எடுக்க மாட்டேன்.

கப்பல் விடிகாலையில். கப்பல்துறை ஜெட்டியில் கேட்டுக்கு இந்தப்பக்கம் வழியனுப்ப வந்தவர்கள், கம்பிக்கு அந்தப்பக்கம் மூட்டைகளோடு வரிசை. கடல் அசைவில்லாமல் வெளுத்துக் கிடந்தது. யாரோ கோழிக்கூண்டோடு நின்றார்கள். அவள் கம்பிக்குள்ளிருந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமா அக்கா?"

"ஆமா. சொல்லாம செஞ்சல்ல?"

"சொன்னா நீங்க ஒரு வார்த்த சொல்லிருவீங்கன்னு பயம். எனக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறுனீங்க, மனு எழுதுனீங்க. ஆனா எங்கிட்ட வந்து 'போகாதடி'ன்னு நீங்க கேக்கல்ல. கேட்டிருந்தா நான் நின்னிருப்பேன், அக்கா. சத்தியமா நின்னிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பவும்தான்."

அவளுக்கு முன்னால் இருபது பேராவது நின்றார்கள். நேரம் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் அது நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பயத்தோடு.

நான் விரலை விடுவித்துக்கொண்டேன்.

"வரிசை நகருது பாரு, போ" என்றேன்.

வரிசை அப்போது நகரவே இல்லை.